எட்டெழுத்தும் இருநூறு ரூபாயும்

எங்கள் கல்லூரிச் சஞ்சிகையில் ஒவ்வொரு வருடமும் ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு வரும். அறிஞர் சித்திலெப்பையைப் பற்றி என் ராத்தாவும் எழுதினார், அவருக்கு முன் படித்தவர்களும் எழுதினார்கள். இந்த முறை நான் ஒரு விளம்பரக்காரரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது தமிழ் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சினிமாவும் எடுத்தவர் என்று சொன்னபோது இன்னொரு முறை துடைத்தார். எழுதிக் கொண்டு வா, பார்ப்போம் என்பதுதான் கடைசியில் கிடைத்த பதில். அந்தப் பதிலை நம்பி எழுதுகிறேன்.

அந்த மனிதர் எஸ். எஸ். வாசன். அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் சாச்சி.

சாச்சி எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு ஒன்பது வயது. மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் அவரும், என் உம்மாவும், உம்மும்மாவும் இருந்தார்கள். இன்று சாச்சி வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கிறார். இஷாத் தொழுகைக்குப் பிறகு மெஷினை மூடிவிட்டு, அதே பலகையின் மேல் கொப்பியை வைத்து எழுதுவார். பதினொரு வருடமாக எழுதிய ஒரு நாவல் நான்கு சீ.ஆர். கொப்பிகளில் இருக்கிறது. அனல்மின் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் எங்கள் பக்கம் மின்சாரம் போகும் இரவுகள் உண்டு. அந்தப் பக்கங்களில் மெழுகுதிரிச் சொட்டுகள் காய்ந்து கிடக்கும்.

கொழும்பிலுள்ள ஒரு பதிப்பகத்துக்கு சாச்சி எழுதிக் கேட்டார். முழுப் பிரதியை அனுப்ப வேண்டாம், ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம் அனுப்புங்கள் என்றார்கள். சாச்சி மூன்று பக்கம் எழுதினார். இடம்பெயர்ந்த மக்களின் துன்பத்தைச் சொல்லும் நாவல் இது என்று அது தொடங்கியது. இந்த மாதிரி நிறைய வருகிறது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சாச்சி ஒன்றும் பேசவில்லை. கொப்பிகளை எடுத்துத் தகரப் பெட்டிக்குள், பெருநாளுக்கு மட்டும் எடுக்கும் விரிப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

நான் உயர்தரத்தில் தமிழும் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கிறேன். விளம்பரம் எங்களுக்குப் பாடம். முதலில் கவனத்தை இழுக்க வேண்டும், பிறகு ஆர்வத்தைத் தூண்ட வேண்டும், அதன்பின் வேண்டும் என்ற விருப்பத்தை உண்டாக்க வேண்டும், கடைசியில் செயலில் இறக்க வேண்டும் என்று பரீட்சைக்கு மனனம் செய்திருக்கிறேன். சவர்க்காரத்தை விற்கும் முறையில் ஒரு நாவலை ஏன் விற்க முடியாது என்று தோன்றியது. சுருக்கத்தை நான் எழுதித் தருகிறேன் என்று சாச்சியிடம் சொன்னேன். பெட்டிச் சாவியை அவர் தந்தது நம்பிக்கையால் அல்ல, என் தொல்லை தாங்காமல்தான் என்று நினைக்கிறேன்.

இதை வகுப்பில் சொன்னபோதுதான் ஊடக டீச்சர் வாசனின் பெயரைச் சொன்னார். கதையே இல்லாமல் கதைக்கு விளம்பரம் செய்த மனிதரைத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தேடிப் படித்தேன்.

வாசனின் முழுப்பெயர் சீனிவாசன். தஞ்சாவூர்ச் சீமையில் திருத்துறைப்பூண்டி அவருடைய ஊர். இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருடங்களில் பிறந்தவர். தகப்பனைச் சின்ன வயதிலேயே இழந்தார். தாய்தான் பிள்ளையைச் சென்னைக்குக் கூட்டிவந்து ஆளாக்கினார். கல்லூரிப் படிப்பு முடியவில்லை, உழைக்க வேண்டியிருந்தது. பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் முகவரானார். தபால் மூலம் பொருள் விற்கும் வியாபாரமும் செய்தார். சின்னச் சின்னப் புத்தகங்களும் எழுதினார்.

இந்தத் தபால் வியாபாரத்தில்தான் அவர் எழுதப் பழகினார் என்று எனக்குத் தோன்றுகிறது. கடையில் பொருள் கையில் இருக்கும். வாங்குபவர் தொட்டுப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், விலை பேசுவார். தபாலில் வாங்குபவருக்கு முன்னால் இருப்பது நாலு வரி மட்டுமே. அந்த நாலு வரியைப் படித்துவிட்டு, எங்கோ ஒரு கிராமத்தில் இருப்பவர் தபால் கந்தோருக்கு நடந்துபோய்க் காசு கட்ட வேண்டும். நாவலின் சுருக்கமும் அப்படித்தானே. நான்கு கொப்பியும் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கின்றன. கொழும்பில் இருப்பவரின் மேசையில் ஒரு தாள்தான் இருக்கிறது.

பூதூர் வைத்தியநாதையர் என்பவர் 1926இல் ஆனந்த விகடன் என்ற மாத இதழைத் தொடங்கியிருந்தார். வாசன் அதற்கும் விளம்பரம் பிடித்துக் கொடுத்து வந்தார். இதழ் நொடித்து நின்றுபோனது. விசாரிக்கப் போன வாசன், நின்றுபோன அந்தப் பத்திரிகையின் பெயரைத் தானே வாங்கிக்கொண்டார். எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் எட்டெழுத்துக்கு இருநூறு ரூபாய் பேசி முடித்தார் என்று சொல்வார்கள். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆ, ன, ந், த, வி, க, ட, ன். எட்டுச் சரிதான். புள்ளி வைத்த எழுத்துக்கும் அதே விலையா என்று என் தங்கை கேட்டாள்.

1928இல் விகடன் வாசனின் கையில் புதிதாக வெளிவந்தது. நகைச்சுவை அதன் முதல் சரக்கு. மாலி என்ற ஓவியர் கோடு போட்டார். குடுமி வைத்துச் சிரிக்கும் அந்த விகடன் முகத்தை, ஒரு வரி படித்திராதவர்கள் கூட அடையாளம் காண்பார்கள். கல்கி என்ற புனைபெயரில் ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதத் தொடங்கி, பின் அதன் ஆசிரியராகவும் ஆனார். குறுக்கெழுத்துப் போட்டி வைத்துப் பரிசு கொடுத்தார்கள். பரிசுக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் ஏராளம். இது மட்டும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பரிசு ஆசைக்கும் சூதுக்கும் நடுவிலுள்ள கோடு மிகவும் மெல்லியது. ஆனால் போட்டிக்காக வாங்கியவர் கல்கியையும் படித்தார் என்பதை மறுக்க முடியாது. கல்லைக் கொடுத்துச் சோற்றை வாங்கிய பழங்கதை போன்ற தந்திரம் அது.

கல்கியின் தியாகபூமி தொடர்கதையாக வந்தபோது விகடன் செய்ததுதான் என்னை அதிகம் கவர்ந்தது. அந்தக் கதையை இயக்குநர் கே. சுப்ரமணியம் அதே காலத்தில் படமாக்கிக்கொண்டிருந்தார். சித்திரக்காரர் வரையும் படத்துக்குப் பதிலாக, படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்களே தொடருடன் அச்சாகின. கதை படிப்பவருக்குப் படம் பார்க்க வேண்டும் என்றிருக்கும், படம் பார்க்க நினைப்பவர் கதையை விட மாட்டார். ஒன்றுக்கு ஒன்று விளம்பரம், ஆனால் விளம்பரம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. 1939இல் படம் வெளிவந்தது. பின்னர் பிரிட்டிஷ் அரசு அதைத் தடை செய்தது. கல்கியும் 1941இல் பிரிந்துபோய்த் தன் பெயரிலேயே வேறு பத்திரிகை தொடங்கினார்.

வாசனும் ஒரு நாவல் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. சதி லீலாவதி என்பது அதன் பெயர். விகடனில் தொடராக வந்தது. 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் அதைப் படமாக எடுத்தார். அவருக்கு அது முதல் படம். சின்னப் பொலிஸ் வேடத்தில் நடித்த எம். ஜி. ஆருக்கும் அதுதான் முதல் படம். கதை குடிப்பழக்கத்தைப் பற்றியது. வசதியான ஒருவன் கூடாத நட்பால் குடிக்கு அடிமையாகிறான், கடனாளியாகிறான், சிநேகிதனைக் கொன்றுவிட்டதாக நினைத்து ஓடிப்போகிறான். எங்கே ஓடுகிறான் தெரியுமா? நம் இலங்கைக்கு! இங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். ஊரில் மனைவி லீலாவதி வறுமையில் கிடந்து காத்திருக்கிறாள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மனத்தாங்கல். சென்னையில் ஒருவன் எல்லாவற்றையும் இழந்துவிட்டான் என்று காட்டுவதற்கு ஒரு சுருக்குவழி வேண்டியிருந்தது. இலங்கைத் தோட்டத்தில் கூலி என்று சொன்னால் போதும், வாசகர் புரிந்துகொள்வார். மலையகத்து மக்களின் முழு வாழ்க்கையும் அங்கே ஒரு வரி அடையாளம். விளம்பரத்தின் பலமும் குறையும் அதுதான். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தொட்டு உடனே உணர்ச்சியை வரவைத்துவிடும், தொடப்பட்ட மனிதர்களிடம் எதுவும் கேட்காது. இதைப் படித்த வாரத்திலேயே அதே பிழையை நானும் செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சதி லீலாவதிக்கு வழக்கும் வந்தது. பதிபக்தி என்ற நாடகத்தின் கதையும் அதுவும் ஒன்றுபோல இருக்கின்றன என்று சண்டை. இரண்டுமே எலன் வுட் என்ற ஆங்கிலப் பெண்மணியின் டேன்ஸ்பரி ஹவுஸ் என்ற நாவலிலிருந்து வந்தவை என்று வாசனே சொல்லிவிட்டார். யாருடைய கதை யாருடையது என்ற வாதம் அதோடு அடங்கியது. அந்த ஆங்கில நாவல் பிறந்த விதமும் சுவையானது. ஸ்கொட்லாந்தில் ஒரு மதுவிலக்குச் சங்கம் 1860இல் நடத்திய போட்டிக்கு எழுதப்பட்டு நூறு பவுண் பரிசு வாங்கியது அது. குடிக்காதே என்று பிரசாரம் செய்ய எழுதிய கதை கடல் தாண்டி வந்து, தஞ்சாவூர்க்காரரின் கையில் தமிழாகி, கடைசியில் இலங்கைத் தோட்டம் வரை நடந்திருக்கிறது.

1940களின் தொடக்கத்தில் சென்னையில் தீப்பிடித்து நட்டப்பட்ட ஒரு படப்பிடிப்புக் கூடத்தை வாசன் வாங்கி ஜெமினி ஸ்டூடியோ ஆக்கினார். இரட்டைச் சிறுவர்கள் ஊதுகொம்பு ஊதுவது அதன் முத்திரை. ஒரு படக் கம்பனி தன் அடையாளமாக அறிவிப்பு ஊதும் பிள்ளைகளைத் தெரிவு செய்தது தற்செயலா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் பொருத்தம். பாலநாகம்மா, மங்கம்மா சபதம் என்று பெண்ணின் பெயரைத் தாங்கிய படங்கள் நன்றாக ஓடின. அடுத்ததும் ஒரு பெண்ணின் பெயரில்தான் என்று வாசன் முடிவு செய்தார். சந்திரலேகா என்ற பெயரை வைத்து விளம்பரமும் செய்துவிட்டார். கதை மட்டும் இருக்கவில்லை.

ஜெமினியில் கதை இலாகா என்று ஒன்று உண்டு. கொத்தமங்கலம் சுப்பு, வேப்பத்தூர் கிட்டு முதலியவர்கள் அதில் இருந்தார்கள். மூன்று மாதம் உட்கார்ந்தும் விளம்பரப்படுத்திய பெயருக்கு ஒரு கதை கிடைக்கவில்லை. வாசன் பொறுமை இழந்தார். சந்திரலேகாவை மூடிவைத்துவிட்டு ஔவையாரை எடுக்கப் போவதாகச் சொன்னார். பிறகு மனமிரங்கி இன்னும் ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அந்த ஒரு வாரத்தில் கிட்டுவின் கையில் ஜோர்ஜ் ரெனோல்ட்ஸ் எழுதிய றொபர்ட் மக்கேர் என்ற பழைய ஆங்கில நாவல் அகப்பட்டது. கிட்டு முழு நாவலையும் வாசனிடம் சொல்லவில்லை. தொடக்கத்திலுள்ள ஒரு காட்சியை மட்டும் சொன்னார். இருட்டு. ஆளில்லாத பாதை. குதிரை வண்டி ஒன்று போகிறது. கொள்ளைக்காரர்கள் மறிக்கிறார்கள். வண்டி இருக்கைக்கு அடியில், வீட்டுக் கொடுமை தாங்காமல் ஓடிவந்த ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள். அவளை வெளியே இழுத்து, துப்பாக்கி முனையில் ஆடச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். வாசனுக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பெண்தான் சந்திரலேகா ஆனாள். மிச்சக் கதையைச் சுப்புவும் மற்றவர்களும் அந்த ஒரு காட்சியிலிருந்து நெய்தார்கள்.

நான் கொப்பியை மூடிவைத்துவிட்டு யோசித்தது இந்த இடத்தில்தான். ஏனென்றால் அதற்குள் நான் இரண்டு சுருக்கம் எழுதி, இரண்டும் தோற்றுப்போயிருந்தேன்.

முதலாவது, பரீட்சை விடை போன்றது. முதலாம் அத்தியாயத்தில் இது நடந்தது, இரண்டாம் அத்தியாயத்தில் அது நடந்தது என்று ஒழுங்காக எழுதினேன். எனக்கே வாசிக்கும்போது கொட்டாவி வந்தது. இரண்டாவதைப் பாடப்புத்தகத்தின் நான்கு படிகளையும் வைத்து எழுதினேன். எழுபத்தையாயிரம் பேர், ஐந்நூறு ரூபாய், இரண்டு மணி நேரம் என்று எண்களை அடுக்கி முதல் வரியிலேயே அதிர்ச்சி கொடுத்தேன். இரத்தக் கண்ணீர், ஆறாத வடு என்று சொற்களைக் கொட்டினேன். பெருமையோடு சாச்சியிடம் நீட்டினேன். அவர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே வாசித்தார். வாசித்து முடித்து, இரண்டு மணி நேரம் என்பது யாழ்ப்பாணத்தில் நடந்தது, மன்னாரில் நடந்தது வேறு மாதிரி என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைச் சுட்டது. இந்தத் தாளில் இருப்பது பேப்பரில் வந்த செய்தி, இதில் எங்கட உம்மா எங்கே என்று கேட்டார். வாசன் தோட்டத் தொழிலாளரைத் தொட்டதுபோல நான் என் சொந்த உம்மும்மாவைத் தொட்டிருந்தேன்.

கிட்டுவின் கதையைப் படித்த அன்றிரவு நான்கு கொப்பிகளையும் மீண்டும் எடுத்தேன். இந்த முறை கதையைத் தேடவில்லை, ஒரு காட்சியைத் தேடினேன். மூன்றாவது கொப்பியில் கிடைத்தது. இருட்டு. வள்ளம். அளவுக்கு மேல் ஆட்கள். சாமான் எதுவும் ஏற்றக்கூடாது என்று ஓட்டி கத்துகிறான். ஒரு கிழவி பனையோலைப் பெட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு மூலையில் குந்தியிருக்கிறாள். பெட்டிக்குள் முட்டையிடும் கோழி ஒன்று. அது கொக்கரித்தால் பெட்டி கடலுக்குள் போகும். கிழவி விடியவிடிய முந்தானைக்குள் கையை விட்டுக் கோழியைத் தடவிக்கொண்டே இருக்கிறாள்.

வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குதிரை வண்டிக்கு அடியில் ஒளிந்த பெண்ணுக்கும் முந்தானைக்கு அடியில் ஒளிந்த கோழிக்கும் எவ்வளவு தூரம்! ஒரே இருப்பில் எழுதினேன். ஒரு பக்கம் கூட வரவில்லை. கடைசியில் மட்டும் சுவைக்காக ஒன்று சேர்த்தேன். விடியும் நேரத்தில் கோழி கொக்கரிக்கிறது, அழுதுகொண்டிருந்த வள்ளமே சிரித்துவிடுகிறது என்று முடித்தேன். அந்தச் சிரிப்பு கொப்பியில் இல்லை. கொப்பியில் வள்ளம் கரை சேர்வதோடு அத்தியாயம் நின்றுவிடும்.

சாச்சியிடம் கொடுப்பதற்கு முன் வாசனின் மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரத்தை முதலில் செய்துவிட்டவருக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. சொன்னதைக் காட்ட வேண்டும். சந்திரலேகாவை முதலில் இயக்கியவர் டி. ஜி. ராகவாச்சாரி. நடுவில் அவர் விலக, வாசனே இயக்குநர் ஆனார். அதற்குமுன் அவர் எந்தப் படத்தையும் இயக்கியதில்லை. வருடங்கள் ஓடின, கதை மாறியது, சர்க்கஸ் காட்சிகள் வந்தன. சொத்துகளை அடகு வைத்தார். செலவு முப்பது இலட்சம் ரூபாய் என்று சொல்லப்படுகிறது, அந்தக் காலத்து முப்பது இலட்சம். முரசு நடனத்தை நான் கையடக்கத் தொலைபேசியில் பார்த்தேன். நூற்றுக்கணக்கான பெண்கள் வீட்டுக் கூரையளவு முரசுகளின் மேல் நின்று ஆடுகிறார்கள். நடனம் முடிந்ததும் முரசுகள் திறந்து உள்ளிருந்து படைவீரர்கள் வெளியே குதிக்கிறார்கள். சின்னத் திரையில் பார்த்த எனக்கே மூச்சு அடைத்தது.

1948 ஏப்ரல் 9ஆம் திகதி தமிழ்ப் படம் வெளிவந்தது. கூட்டம் வந்தது, ஆனால் போட்ட பணம் திரும்பவில்லை. சந்தை போதாது என்று கண்ட வாசன் இந்தியில் மாற்றி எடுத்து அந்த வருடம் டிசம்பரிலேயே வெளியிட்டார். 600க்கும் மேற்பட்ட பிரதிகள் எடுக்கப்பட்டன. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம், சுவர் நிறைய ஒட்டுப்படங்கள். வட இந்தியாவில் யாருக்கும் அவரைத் தெரியாது, தெரியவைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். தென்னிந்தியப் படம் ஒன்று வடக்கே அப்படி ஓடியது அதற்கு முன் நடந்ததில்லை. மூடிவைக்கப் போன சந்திரலேகா அவரைக் காப்பாற்றியது. அதற்குப் பதிலாக எடுப்பேன் என்று மிரட்டிய ஔவையாரும் 1953இல் வந்துவிட்டது, கே. பி. சுந்தராம்பாள் நடித்தார்.

எழுத்தாளர் அசோகமித்திரன் இளவயதில் ஜெமினியில் வேலை பார்த்தவர். பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்பில் ஒட்டுவது அவருடைய வேலை. வாசனை எல்லோரும் பாஸ் என்று அழைத்த அந்த வருடங்களைப் பற்றிப் பின்னர் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். கதை இலாகாவிலிருந்த கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தில்லானா மோகனாம்பாள் இன்றும் பேசப்படுகிறது. வாசன் 1964இல் மாநிலங்கள் அவை உறுப்பினரானார். 1969 ஓகஸ்ட் 26ஆம் திகதி காலமானார். 2004இல் இந்தியா அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. தபால் மூலம் பொருள் விற்றுத் தொடங்கியவர் தபால் தலையில் வந்து சேர்ந்தார். ஜெமினி ஸ்டூடியோ இப்போது இல்லை. அங்கே கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயரை வைத்த பிறகும் சென்னைக்காரர்கள் ஜெமினி பாலம் என்றே சொல்கிறார்களாம்.

இனி சாச்சியிடம் வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றாவது சுருக்கத்தைக் கொடுத்தேன். உம்மாவும் உம்மும்மாவும் திண்ணையில் இருந்தார்கள். சாச்சி இந்த முறை ஊசியைக் குத்திவைத்துவிட்டு வாசித்தார். முக்கால் பக்கம் வரை அவர் முகம் மலர்ந்துகொண்டு போனது. கடைசி வரியில் நின்றார். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கோழி கொக்கரிக்கவில்லை என்றார்.

எனக்கு விளங்கவில்லை. சின்ன மாற்றம்தானே, வாசனே கதை இல்லாமல் விளம்பரம் செய்தவர்தானே என்று என் படிப்பையெல்லாம் எடுத்துச் சொன்னேன். சாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். கோழி நடுக்கடலிலேயே செத்துவிட்டது. மூடிய முந்தானையில் மூச்சு முட்டியிருக்க வேண்டும். உம்மும்மாவுக்கு அது கைக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் கையை எடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. கற்பிட்டிக் கரை வரைக்கும் தடவிக்கொண்டே வந்தார். இறங்கிய பிறகு பெட்டியைத் திறந்து பார்த்த ஒரே ஆள் ஒன்பது வயது சாச்சி. நான்கு கொப்பி எழுதியும் அந்த இடத்தை அவரால் எழுத முடியவில்லை. அதனால்தான் வள்ளம் கரை சேர்வதோடு அத்தியாயம் நின்றிருக்கிறது.

நான் உம்மும்மாவைப் பார்த்தேன். அவருக்குக் காது மந்தம். கச்சான் கோதை உடைத்துத் தங்கைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு கடைசி வரிகளை வெட்டினேன். சிரிப்பை எடுத்துவிட்டேன். கோழி செத்ததையும் எழுதவில்லை, அது என்னுடையதல்ல. வள்ளம் கரையைத் தொடுகிறது, கிழவியின் கை இன்னும் முந்தானைக்குள் இருக்கிறது, பெட்டிக்குள்ளிருந்து சத்தமில்லை என்பதோடு நிறுத்தினேன். அதற்குக் கீழே, நாவல் நான்கு கொப்பிகள், எழுதியவர் எருக்கலம்பிட்டியில் பிறந்து கற்பிட்டியில் தையல் வேலை செய்பவர் என்று மட்டும் சேர்த்தேன். செயலில் இறக்கும் நான்காவது படிக்கு வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

சுருக்கத்தை வேறொரு பதிப்பகத்துக்குத் தபாலில் சேர்த்து ஐந்து வாரமாகிறது. சஞ்சிகைக்குக் கட்டுரை கொடுக்க வேண்டிய கடைசி நாள் நாளை. பதில் இன்னும் வரவில்லை. நேற்று பாடசாலை விட்டு வரும்போது வாங்கிவரச் சொல்லி சாச்சி காசு தந்தார், 120 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று. பெட்டியிலிருந்த நான்கும் இப்போது தையல் மெஷினுக்குப் பக்கத்தில், சீருடைத் துணிகளோடு துணியாக இருக்கின்றன.